சபைக் குறிப்பில் ஒரு வரி

"தோத்துட்டேன் அத்தை" என்றபடி அரசு வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தோற்றுவிட்டு வந்த முகமாகத் தெரியவில்லை.

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனுஷி. இன்று அவராகவே கேட்டார்.

"அந்த லாரிக்காரர் கேஸா மாப்பிள்ளை?"

"அதேதான்."

ஊரெல்லாம் பேசிய வழக்கு அது. சொந்த வீடும் இல்லாத, வாடகை வீடும் இல்லாத ஒரு லாரி டிரைவர். சமைப்பது, தூங்குவது எல்லாம் லாரியிலேயே. ஒரு நாள் காலையில் போலீஸார் கதவை நெம்பித் திறந்து, மெத்தையைக் கிழித்து, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. 'நீதிபதியின் உத்தரவில்லாமல் யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது' என்கிறது அந்த நாட்டு அரசியல் சட்டம். லாரி வீடா, இல்லையா? அதுதான் கேள்வி.

"சட்டம் எழுதினவங்க வீடுன்னா என்னன்னு சொல்லலியா?"

"அங்கதான் வம்பே. நாப்பது வருஷத்துக்கு முந்தின அரசியல் நிர்ணய சபைக் குறிப்பு முழுசையும் சலிச்சுப் பார்த்தாச்சு. வீட்டைப் பத்தி ஒரே ஒரு வரி. 'ஓர் உறுப்பினர்: என்ன இருந்தாலும் வீடு வீடுதான். சிரிப்பொலி.' பேர்கூடப் போடல."

"அந்த ஒரு வரிக்கா மூணு நாள் வாதம்?"

"பின்ன? வீடுன்னா சுவரும் கூரையும் உள்ள வீடுதான், லாரி கீரியெல்லாம் சேராதுன்னு நான் சொன்னேன். டிரைவரோட வக்கீலம்மா கெட்டிக்காரி. 'என்ன இருந்தாலும்'ங்கறதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அடியில அஸ்திவாரம் இருந்தாலும் சரி, சக்கரம் இருந்தாலும் சரி, ஒருத்தர் குடியிருந்தா அது வீடுதான்னு ஒரே போடு. நீதிபதிங்க அஞ்சு பேரும் அப்படியே ஏத்துக்கிட்டாங்க. அந்த ரெண்டு சொல்லுக்கு மட்டும் தீர்ப்புல பதினாறு பக்கம்."

மாமியார் தலையணை உறையை உதறி, முகத்தை மறைத்துப் பிடித்தபடி மடித்தார்.

"டிரைவர் என்ன சொன்னார்?"

"வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'நீங்களும் நல்லாத்தான் பேசினீங்க சார், ஒரு கட்டத்துல நானே ஆடிப்போயிட்டேன்'னார். உள்ளதைச் சொன்னா, எனக்கு வருத்தமே இல்ல அத்தை. இனிமே அவர் கதவையும் தட்டிட்டுத்தான் திறக்கணும்."

"நல்லதாப் போச்சு."

"என்ன சொல்லுங்க, அந்தக் காலத்து ஆளுங்க மூளையே வேற. நாப்பது வருஷம் கழிச்சு ஒரு லாரிக்காரர் வந்து நிப்பார்னு அன்னிக்கே தெரிஞ்ச மாதிரி, ஒரு சொல்லைக்கூட வீணாக்காம வச்சுட்டுப் போயிருக்காங்க."

"அந்த வரிக்குக் கீழ என்ன போட்டிருக்கு மாப்பிள்ளை?"

"கீழயா? சபை மதிய உணவுக்குக் கலைந்ததுன்னு இருக்கு. அதுக்கென்ன?"

மாமியார் கடைசித் துணியை அடுக்கின் மேல் வைத்தார். அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கேன்டீன் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடான்னு பக்கத்துல இருந்தவர் மெதுவாக் கேட்டார், அந்த உறுப்பினர்தான் பதிலைச் சத்தமாச் சொல்லிட்டார். அன்னிக்குச் சபையில சுருக்கெழுத்து எழுதினவ நான்தான் மாப்பிள்ளை, சத்தமாப் பேசினதை மட்டும்தான் எழுதணும்னு எங்களுக்கு உத்தரவு."