யானை இருந்த பக்கம்

"இந்தப் புஸ்தகத்தக் கிழிச்சது யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

லைப்ரரியன் சித்ராதேவி மேடம் போட்ட சத்தத்துல, பேப்பர் படிச்சிட்டிருந்தவங்க அத்தனை பேரும் நிமிர்ந்து பாத்தாங்க.

ஞாயித்துக்கிழமைங்க. நானும் எம் பொண்ணு கீதாஞ்சலியும் அப்பத்தான் உள்ள நுழையறோம். ரெண்டாவது படிக்கறா. எங்க ஏரியா லைப்ரரில கீழ்த்தட்டு நெறையக் குழந்தைகளுக்கான படப் புஸ்தகம் இருக்கறதே போன மாசந்தான் எங்களுக்குத் தெரியும். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அடியில ரெண்டு வரி. அதைக் கண்டதுல இருந்து ஞாயிறு ஆனா டிவி கூட வேண்டாம்னுட்டா. எனக்குப் பெருமை தாங்கல.

மேடம் கையில இருந்த புஸ்தகத்துல யானை இருந்த பக்கம் பாதியக் காணோம். கிழிஞ்ச ஓரத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். இன்னொரு புஸ்தகத்துல மயிலக் காணோம். அங்கயும் அதே அம்பு.

"இது என்ன ஸ்டிக்கர்னே தெரியலயே!"ன்னாங்க மேடம். அவங்க வெளியூர்.

நான் சும்மா இருந்திருக்கலாமுங்க. வாய் கேக்கணுமே!

"இது தெரியாதுங்களா? பனியன் கம்பெனில ஒட்டறதுங்க. நானே நல்லூர்ல தையல் யூனிட் வெச்சிருக்கேன். செக்கிங்ல வேலை செய்யறவங்க பையிலதான் இது இருக்கும்."

சொல்லிட்டு மூலையப் பாத்தேன். அங்க முத்துப்பேச்சின்னு ஒருத்தி, தென்காசிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி செக்கிங் வேலைக்குப் பொழைக்க வந்தவ, அஞ்சு வயசுப் பொண்ணை மடியில வெச்சுப் படம் காட்டிட்டிருந்தா. ஞாயித்துக்கிழமையும் அரை ஷிப்ட் பாத்துட்டு வந்திருப்பா போல, தலையெல்லாம் பஞ்சு.

நான் பாத்த பக்கமே எல்லாரும் பாத்தாங்க.

"நீயா ஒட்டின?"ன்னாங்க மேடம்.

"ஆமாம்மா. ஸ்டிக்கர் நான்தான் ஒட்டினேன். ஆனா கிழிக்கல."

"அப்ப யாரு கிழிச்சது?"

அவ வாயத் தொறந்தா. எங்க பக்கம் ஒரு தடவை பாத்தா. அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"பாத்தீங்களா, பதிலக் காணோம்"னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். "இப்படி விட்டா ஒரு புஸ்தகம் மிஞ்சாதுங்க. மொதல்ல கார்டை வாங்கி வைங்க மேடம்."

மேடம் அவ கார்டை வாங்கி டிராயர்ல போட்டாங்க. குழந்தை கையில இருந்த புஸ்தகத்தையும் வாங்கிட்டாங்க. "இன்னும் பாத்து முடிக்கலம்மா"ன்னு அது அழுதுச்சு. அழுதழுது அது போன சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் கீதாஞ்சலி வெளையாடக் கூடப் போகல. ஸ்கூல் ப்ராஜெக்ட் நோட்டுல கையெழுத்துப் போடணுமேன்னு நானே அவ பையில இருந்து எடுத்துப் பாத்தேன்.

மொதப் பக்கம் யானை. அடுத்த பக்கம் மயில்.

"அம்மிணி... இது ஏது?"

அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "லைப்ரரி புஸ்தகத்துல இருந்துப்பா. நீங்கதான சொன்னீங்க, எங்கயாச்சும் நல்ல படம் இருந்தாக் கிழிச்சு ஒட்டிக்கன்னு."

சொன்னேன்தான். டெலிவரி அவசரத்துல, போன்ல பேசிக்கிட்டே சொன்னது.

"யாரும் பாக்கலயா?"

"அந்த அக்கா பாத்தாங்க. 'இனிமே கிழிக்காத தங்கம், அடுத்த பாப்பா பாக்க வேண்டாமா?'ன்னாங்க. கிழிஞ்ச எடத்துல ஸ்டிக்கர் ஒட்டி, 'இதைப் பாத்தா மேடம் சரி பண்ணிருவாங்க'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னும் சொன்னாங்க."

செக்கிங்ல அந்த அம்பை எதுக்கு ஒட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதாங்க? துணியில ஓட்டை இருந்தா, கறை இருந்தா, இந்த எடத்தச் சரி பண்ணுங்கன்னு காட்டறதுக்கு. ஓட்டை போட்டவ ஒட்டறதில்ல, கண்டுபிடிச்சவ ஒட்டறது. பன்னெண்டு வருஷமா தினமும் பாக்கறேன். தெரிஞ்சே ஒருத்தி தலையில பழியப் போட்டுட்டு வந்திருக்கேன்.

அடுத்த ஞாயிறு பொண்ணைக் கூட்டிக்கிட்டு, நோட்டையும் எடுத்துக்கிட்டு லைப்ரரிக்குப் போனேன். வண்டியில போறப்பவே, "தப்புப் பண்ணினா தைரியமா ஒத்துக்கணும் கண்ணு"ன்னு அவளுக்குப் புத்தி சொன்னேன்.

முத்துப்பேச்சியும் வந்திருந்தாங்க. முன்ன எடுத்துட்டுப் போன புஸ்தகம் ஒண்ணு ஊட்டுல இருந்துச்சாம், திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க. உள்ள வராம வாசல்லயே நின்னாங்க.

உள்ள நல்ல கூட்டம். எனக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனியோட மேனேஜர் ஆறுமுகசாமி மொத பெஞ்சுல உக்காந்திருந்தாரு. "அடடே, வாங்க வெள்ளியங்கிரி!"ன்னாரு.

"சொல்லுங்க"ன்னாங்க மேடம்.

கையில இருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால கொண்டு போனேன்.

"அது வந்துங்க... அந்தப் பொண்ணு கார்டைக் குடுத்துருங்க மேடம். ஏதோ தெரியாமப் பண்ணிட்டா. பாவம், பொழைக்க வந்த சனம். இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுருங்க."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க"ன்னாரு ஆறுமுகசாமி.

மேடம் டிராயரைத் தொறந்து கார்டை எடுத்து நீட்டினாங்க. "இவர் சொல்றாரேன்னுதான் குடுக்கறேன். அவருக்கு நன்றி சொல்லு."

முத்துப்பேச்சி என்னையப் பாத்தாங்க. அப்பறம் எம் பொண்ணைப் பாத்தாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு எம் மானம் கப்பலேறியிருக்கும்.

"ரொம்ப நன்றி சார்"னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

கீதாஞ்சலி என் சட்டையப் புடிச்சு இழுத்தா.

"ஏம்ப்பா, அந்த அக்கா எதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றாங்க?"