நாளை கடை இல்லை

"உங்க தம்பி நம்ம ஆப்புக்குள்ள இருக்கார், சேட்டா."

ஸாதனா சொன்னதும், மாவுப் பாக்கெட்டை எடை போட்டுக்கொண்டிருந்த செல்லப்பாவின் கை நின்றது.

"எந்தத் தம்பி?"

"எத்தனை தம்பி இருக்கு உங்களுக்கு? மாரிச்செல்வம். போர்ட் கொச்சி அட்ரஸ். ஆப் ஆரம்பிச்ச புதுசுலயே சேர்ந்திருக்கார். ஒரு பாக்கெட் மாவு வாங்கினதில்லை. ஆனா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறந்து பார்க்கிறார். ஒருநாள்கூட விடலை."

மட்டாஞ்சேரியில் செல்லப்பாவின் இட்லி மாவுக் கடைக்கு ஆப்பை நடத்துவது ஸாதனாதான். ஆர்டர் எடுப்பது, வாடிக்கைக்காரர்களுக்கு மெசேஜ் போடுவது எல்லாம் அவள் வேலை.

"திருட்டுப் பய," என்றார் செல்லப்பா. "என் விலையைப் பார்த்து அதுக்குக் கீழே அவன் விலை வைக்கத்தான். வேற எதுக்கு?"

தம்பிக்கும் மாவுக் கடைதான். ஒரே கிரைண்டரில் சேர்ந்து ஆட்டியவர்கள். பாகம் பிரித்த அன்று வாய் தடித்தது. அதோடு பேச்சு நின்றது. வருஷம் ரெண்டாகிறது.

"அவரைத் தூக்கிடட்டுமா?"

"இரு. அதுல போட்டோ இருக்கா?"

காட்டினாள்.

"பெருசாக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இளைச்சிருக்கானோ?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அவரைப் பார்த்ததே இல்லையே."

செல்லப்பா கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறிவிட்டது. "இவனுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட முடியுமா?"

"முடியும். நோட்டிபிகேஷனை நிறுத்தி வச்சிருக்கார். பரவாயில்லை, ஆப்புக்குள்ளயே போடலாம். திறந்ததும் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். மூடினாலும் இன்பாக்ஸ்ல கிடக்கும். தப்பிக்க முடியாது."

"எழுது. நாளை கடை இல்லை. தமிழ்ல எழுது. அவனுக்கு மலையாளம் பேசத்தான் வரும்."

ஸாதனா மலையாளப் பள்ளியில் படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். "மேலே 'அன்புள்ள'ன்னு தானா வருது. எடுத்துடவா?"

செல்லப்பா கொஞ்சம் யோசித்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அப்ப நாளைக்கு லீவா, சேட்டா?"

"உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. என் ஓட்டல்காரங்க அத்தனை பேரும் நாளைக்குத் தன்னைத் தேடி வருவாங்கன்னு நினைப்பான். ரெட்டிப்பா அரிசி ஊறப் போடுவான். ஒருத்தனும் வரமாட்டான். இந்தப் புழுக்கத்துல சாயங்காலத்துக்குள்ள எல்லாம் புளிச்சுப் பொங்கி ஓடைக்குப் போகும். வேவு பார்க்கிறவனுக்கு அதான் கூலி."

"பாவம் சேட்டா. சின்னக் கடை. ஒருநாள் மாவு மொத்தமும் போச்சுன்னா எழுந்திருக்க முடியுமா?"

"போடுன்னா போடு."

போட்டாள்.

சாயங்காலம் உளுந்து மூட்டைக்காரர் வந்து விலை சொன்னார். அவரோடு மணிக்கணக்காக மல்லுக்கு நிற்கிற செல்லப்பா, "இறக்கு" என்றார். மூட்டைக்காரர் பயந்துபோய்த் தானே கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

"பார்த்தானா?"

"இல்லை."

கல்லாவில் உட்கார்ந்தார். எழுந்து வந்தார்.

"இப்ப?"

"அவர் திறந்தாத்தானே தெரியும்? நான் போர்ட் கொச்சிக்குப் போய்த் திறந்து காட்டிட்டு வரவா?"

"இத்தனை நாளா விடாம பார்த்தவன், இன்னைக்குன்னு மறந்துடுவானோ?"

பகையாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரி இல்லை. ஸாதனா நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"வந்துட்டார், சேட்டா. திறந்துட்டார்."

"மூடிட்டானா?"

"மூடிட்டார். இல்லை, இருங்க. இன்பாக்ஸுக்குப் போய் மறுபடியும் அதையே எடுத்துப் படிக்கிறார்."

"ரெண்டு தடவை படிக்கிறான்னா மாட்டிட்டான். இந்நேரம் அரிசி களைஞ்சுட்டிருப்பான்."

செல்லப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கடை முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைலியும் பனியனுமாக ஒருவன் இறங்கினான். முழங்கை வரைக்கும் மாவு. கழுவக்கூட இல்லை. போட்டோவில் பார்த்த முகம்தான்.

நேரே அண்ணன் முன்னால் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்தான்.

"உடம்புக்கு என்னண்ணே செய்யுது?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"பின்ன ஏன் நாளைக்குக் கடை இல்லை? தாலி கட்டின அன்னைக்கே மாலையைக் கழட்டிட்டு வந்து கடை திறந்த ஆளு நீங்க."

செல்லப்பா ஸாதனாவைப் பார்த்தார். ஸாதனா கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும்ல," என்றார் செல்லப்பா. குரலை உயர்த்தப் பார்த்தார், எழும்பவில்லை. "என் விலையை வேவு பார்க்கத்தானே தினமும் இதைத் திறக்கே?"

"உங்க விலை எனக்கெதுக்கு?" மாரிச்செல்வத்துக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "போன் போட்டா எடுக்க மாட்டீங்க. இதைத் திறந்தா 'கடை திறந்திருக்கு'ன்னு பச்சையில வரும். சரி, அண்ணன் எந்திரிச்சு நடமாடுறாங்க, நல்லா இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன். காலையில அதைப் பார்த்துட்டுத்தான் நான் மாவாட்டவே உட்காருவேன்."