நம்ம ஆஸ்பத்திரி

"முடியாது டாக்டர். என் பொண்ணுக்கு இங்க ஆபரேஷன் வேண்டாம்."

புருஷன் இப்படிப் பட்டென்று சொல்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பதினோரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரிதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரிகளை நீராவி மெஷினில் போட்டுச் சுத்தம் செய்து கொடுப்பது அவன்தான்.

"மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்து அடைச்சுக்கிட்டிருக்கு. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. தள்ளிப் போடற விஷயமாப்பா இது?" டாக்டர் நொந்துபோனார். "புதன்கிழமை நானே எடுத்துடறேன். நம்ம ஆஸ்பத்திரி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். ஐந்து வயது மகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் ஒரு அப்பாவா? ராத்திரி பூரா இவ நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறது நான். உங்களுக்கென்ன, திரும்பிப் படுத்துக்கறீங்க. பயந்தாங்கொள்ளி!"

"வேற ஆஸ்பத்திரியில பண்ணிக்கலாம்."

"ஏன், இங்க என்ன கேடு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த மெஷின் முழுசா ஓட முக்கால் மணி நேரம் ஆகும். புதன்கிழமை முழுக்கக் குழந்தைங்கதான். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததுக்குக் கொண்டான்னு உள்ளேருந்து கத்துவாங்க. நான் பாதியிலயே எடுத்துக் கொடுத்துடுவேன். முழுசா ஓடுச்சுன்னு கையெழுத்தும் போட்டுடுவேன்."

"எத்தனை நாளா?"

"மெதுவாப் பேசு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். கம்பிதான் எண்ணணும்."

எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தையும் வாயால்தான் மூச்சு விட்டது.

"அக்கா, அவர் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்கறவருதானே? இவளுக்கும் புதன்கிழமைதான் சொல்லியிருக்காங்க. சம்மதக் கையெழுத்து கேக்கறாங்க, எனக்குக் கையே வரமாட்டேங்குது. நம்பிப் பண்ணலாமாக்கா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவிக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள். மகளை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள்.

"தைரியமாப் போடுங்கம்மா," என்றாள். "அதான் எங்க வீட்டுக்காரரே உள்ள இருக்காரே!"