கீறல் விழாத கார்

புதுக் காரை எடுக்க வந்த எபினேசரிடம், பெயிண்டுக்கு மேல் கோட்டிங் போட்டுக்கொள்ளச் சொன்னான் ஷோரூம்காரன். “அஞ்சு வருஷத்துக்கு ஒரு கீறல் விழாது சார்.” எபினேசருக்கும் ஆசைதான்.

அவன் மனைவி செல்வக்கனிக்குக் கண் தெரியாது. கதவைத் தடவிப் பார்த்தவள், “கண்ணாடி மாதிரி இருக்குங்க” என்றாள். பிறகு மெதுவாக, “பழைய கார்ல கைப்பிடிக்குக் கீழ ஒரு கோடு இருக்கும். சர்ச் வாசல்ல எத்தனை கார் நின்னாலும் நானே தொட்டுப் பார்த்து ஏறிக்குவேன். இதுல எப்படி?”

“நான்தான் கூட இருக்கேனே.”

பழைய காரின் கதவை அவளே வந்து திறக்கும்போது அவள் முகம் மலர்வது அவனுக்கு நினைவு வந்தது. கோட்டிங் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

ஷோரூம்காரன் பதறி எழுந்தான். செல்வக்கனி விரலால் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.