நீலத்துக்கு அடியில் ஒரு ஒயர்

மேடையேற அரைமணி நேரம்தான் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிடாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வண்டாக இரைகிறது. தந்திகளைத் தொட்டாலும் அடங்கவில்லை. கேபிள் முனையின் உலோகத்தை அக்கா தொடுகிறாள், சட்டென்று அமைதி. "அப்போ தந்திக்குத்தான் எர்த் வரலடி!" என்று துள்ளுகிறாள். நேற்று ஆசை ஆசையாகக் கிடாருக்கு நீலம் பூசிய தங்கை திருதிருவென்று விழிக்கிறாள். "தந்தியைத் தாங்குற பிரிட்ஜைக் கழட்டி, அடியிலயும் பூசினியா?" "ஒரு இடம் விடலக்கா!" "அடிப்பாவி, அதுக்கடியில இருக்குற எர்த் ஒயருக்கும் மேக்கப்பா!" தங்கையே தந்திகளைத் தளர்த்தி, வியர்த்த விரல்களால் திருகுகளைக் கழற்றுகிறாள். ஒயரின் நுனி நீலமாகக் காய்ந்து கிடக்கிறது. பெயின்ட் வழியாக மின்சாரம் போகாது. சுரண்டச் சுரண்டச் செம்பு பளபளக்கிறது. திருகுகளை மறுபடி முடுக்கி, சுருதி கூட்டி, அக்கா தந்திகளின் மேல் விரல் வைக்கிறாள். செம்பு இப்போது பிரிட்ஜின் உலோகத்தைத் தொடுகிறது, இரைச்சல் நின்றுவிட்டது.