ஜன்னலோர புரொஜெக்டர்

ஆம்பூரில் எங்கள் தெருவில் முதன்முதலாக புரொஜெக்டர் வாங்கியவர் ஷூ கம்பெனி மேனேஜர் கிருபானந்தம். சுவர் நிறையப் படம் ஓடுவது தெருவுக்கே தெரியட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைப்பார்.

எதிர்வீட்டு ஹெப்சி டீச்சரின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட, "அந்தத் தீப்பெட்டி டிவியில இன்னா தெரியும்? இங்க வந்து மேட்ச் பாருங்க" என்று இழுத்துக்கொண்டார். பஜ்ஜி ஆறிப்போனது, சம்பந்தமும் நின்றுபோனது.

"நீங்களும் ஒண்ணு வாங்குங்க டீச்சர்."

"விலை இறங்கட்டும் சார்."

மூன்றே வருடத்தில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. டீச்சர் வாங்கவில்லை. ரிடையரான கையோடு தேர்தலில் நின்று கவுன்சிலரானார்.

"தெருவுக்குப் பெரிய லைட் வருது சார். கம்பம் உங்க வாசல்லதான். சுவிட்ச் போடுறதும் நீங்கதான்."

பொன்னாடையோடு சுவிட்சைத் தட்டி, "இருட்டை ஒழிச்சிட்டோம்!" என்று முழங்கிவிட்டு உள்ளே வந்தார் கிருபானந்தம். ஜன்னல் வழியே பாய்ந்த வெளிச்சத்தில் சுவரில் படமே தெரியவில்லை. வசனம் மட்டும் கேட்டது.

"ஜன்னலை மூடிடவா?" என்றாள் மனைவி.

"மூடிட்டா தெருவுக்கு எப்படிடி தெரியும்?"

எதிர்வாசலில் நின்று டீச்சர் கேட்டார்: "வெளிச்சம் போதுங்களா சார்? பத்தலன்னா இன்னொண்ணு போடச் சொல்றேன்."