பிறந்த வீட்டுக் கோடி

திருமங்கலம் தாண்டியதும் தார் இளகி டயரில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தம்பி மலைச்சாமி வண்டியை ஓட்டினான். நான் பின்னால் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இருக்கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் விளக்குத்தூண் கடையில் எடுத்த வெள்ளைச் சேலை.

புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அது வந்து சேராமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். என் மகள், நான் வேண்டாம் என்று சொன்னவனோடு ஓடிப்போனவள்தான். இருந்தாலும், கோடி கொண்டுவராத குடும்பம் என்று எங்களை ஒருவன் சொல்லிவிடக் கூடாது.

கடையில் தம்பி ஒரு நீலச் சேலையை எடுத்து என் முன்னால் வைத்தான்.

“இப்பல்லாம் யாருண்ணே வெள்ளை எடுக்குறா? கலர்லயே குடுப்போம். சின்னப் புள்ளதான அவ.”

“நம்ம வீட்டுல வெள்ளைதான்” என்றேன்.

காலையில் மேலூரில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஃபோன் வந்தது. யாரோ ஒரு வயசாளியின் குரல்.

“முத்துமீனாவோட அப்பாவாய்யா? உங்க வீட்டுக் கோடி வரணும். இங்கன கரண்டு நிக்க மாட்டேங்குது, ஐஸ் பெட்டி தாங்காது. பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க.”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்து செய்துதான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

என் மனைவி செல்லக்கிளி தானும் வருவதாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“நீ எதுக்கு? அவளையே கூட்டிட்டு வாரேன். மாடி ரூமைக் கூட்டி வையி” என்றேன்.

கார் பிடித்தால் தெருவே எங்கே என்று கேட்கும். அதனால்தான் வண்டி. திரும்பும்போது அவளைத் தம்பியோடு அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. பதினாறு முடியட்டும் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். நான் விடப்போவதில்லை.

கல்லுப்பட்டிக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் தம்பி வண்டியை நிறுத்தினான். பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அதுவும் சுடுதண்ணீர்.

“செத்த நிழல்ல நில்லுண்ணே. இந்த வெயிலு ஆளைக் கொன்னுரும்.”

“நம்ம ரத்தத்தை வெயில் என்னடா செய்யும்? எடு வண்டிய.”

“ஆமா, சூரியனே உன்னையப் பாத்துத்தான் ஒதுங்கிப் போகுது” என்றவன் கொஞ்சம் தயங்கினான். “அந்த நம்பருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கிருவோமாண்ணே?”

“ஃபோன் போட்டுப் பேசிட்டுப் போற வீடாடா அது?”

அவன் வண்டியை உதைத்தான்.

அதற்குப் பிறகு கரிசல். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேலத்தைத் தவிர எதிலும் இலை இல்லை. வற்றிய கண்மாய்க்குள் ஆட்கள் வெட்டிப்போட்ட மண் குவியல் குவியலாகக் கிடந்தது. அனல் காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பெயரைச் சொல்லி எட்டு வருஷம் ஆகிவிட்டது. ‘கிளம்பு’ என்று மட்டும் சொன்னால் போதும் என்று முடிவு செய்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது.

வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அதில் அவள் குரலைத் தேடினேன். பிடிபடவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும்.

சாமியானாவுக்குள் ஆண்கள் வரிசையாக நின்று கை நீட்டினார்கள். துக்க வீட்டில் கை கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளை மட்டும் பார்த்துத் தொட்டுத் தொட்டு நகர்ந்தேன்.

காய்ப்பு ஏறிய கை. மோதிரம் போட்ட கை. நடுங்கும் கிழட்டுக் கை.

கடைசிக் கை எலும்பாக இருந்தது. முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து, நெடுக ஊசி குத்திய தழும்புகள்.

அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

நிமிர்ந்தேன்.

“கண்மாய் வேலைக்குப் போன எடத்துல வெயில்ல விழுந்துட்டா மாமா” என்றான். “தூக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டா.”

கொட்டு நின்றது. எனக்குப் பின்னால் மலைச்சாமி “அண்ணே” என்றான்.

ஒரு அம்மாள் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். அதில் மஞ்சளும் குங்குமமும் பூவும் வளையலும் இருந்தன. நடுவில் சேலைக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “மகராசி, புருஷன் இருக்கப் போயிட்டா. செவப்புச் சேலைய எடுத்துக் குடுங்கய்யா. உடுத்திக் கிளப்பணும்.”

என் முதுகு நேராகத்தான் இருந்தது.

பையின் வாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.